செய்திக்கு முகவரி உண்டா?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2018 மே 9ஆம் தேதி. திருவண்ணாமலை மாவட்டம், போளூரை அடுத்த அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் அந்தக் காரில் இருந்தார்கள். வழியில் நிறுத்திய இடத்தில் சில குழந்தைகளைக் கண்டதும், குடும்பத்தின் மூத்த பெண்மணி அவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். 65 வயதான ஒரு பாட்டி. நம் வீட்டுப் பாட்டிமார் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று ஊர் திரண்டது. அந்தப் பெண்மணியை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்துக்குப் பலியானார்.

அந்த ஊர் மக்களிடம் அதற்கு முன் எத்தனையோ வெளியூர்க்காரர்கள் வழி கேட்டிருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கூடவே நடந்து போய் வழி காட்டி அனுப்பியவர்கள்தாம் நம் கிராமத்து மக்கள். அந்த நாளில் மட்டும் என்ன மாறிற்று? அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்களின் கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. வட இந்தியாவிலிருந்து பிள்ளை கடத்தும் கும்பல்கள் இறங்கியிருக்கின்றன, உஷார் என்றது அது. குரல் பதிவாக வந்தது, வீடியோவாக வந்தது, படமாக வந்தது. யார் சொன்னது, எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு, எந்த ஊரில் எந்தக் குழந்தை காணாமல் போனது, எதுவும் அதில் இல்லை. ஆனால் அனுப்பியவர் தெரிந்தவர். சித்தப்பா அனுப்பினார், பக்கத்து வீட்டு அண்ணன் அனுப்பினார், மகளிர் சுயஉதவிக் குழுவில் வந்தது. அனுப்பியவர் மீதிருந்த நம்பிக்கை, செய்தியின் மீதான நம்பிக்கையாக மாறிவிட்டது.

இன்று உங்களிடம் நான் வலியுறுத்திச் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு செய்தி கைக்கு வந்ததும் 'இது உண்மையா?' என்ற கேள்விக்கு உடனே போகாதீர்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்தபடி நம்மில் பெரும்பாலோரால் பதில் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் செய்திக்கு முகவரி உண்டா? முதலில் சொன்னவர் யார்? தவறென்றால் பதில் சொல்லப் போகிறவர் யார்? இந்தக் கேள்வியைப் பள்ளிப் பிள்ளையும் கேட்கலாம், பாட்டியும் கேட்கலாம்.

இந்த எண்ணம் புதிதில்லை. இந்தியாவில் 1867ஆம் ஆண்டிலேயே அச்சகங்கள், புத்தகப் பதிவுக்கான சட்டம் வந்தது. அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம் இருக்க வேண்டும் என்றது. நாளிதழ் என்றால் ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டும் என்றாயிற்று. ஆங்கில அரசு அதைத் தன் கட்டுப்பாட்டுக்காகவே கொண்டுவந்தது. ஆனாலும் அதனால் வாசகனுக்கு ஒரு நன்மை கிடைத்தது. நாளிதழின் கடைசிப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரி, இந்தச் சொற்களுக்கு நான் பொறுப்பு என்று ஒரு மனிதர் போட்டுத் தரும் கையெழுத்து. 2023இல் புதிய சட்டம் வந்து பழையதன் இடத்தைப் பிடித்தது. பொறுப்பாளர் பெயர் வேண்டும் என்பது அப்படியே நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக நாம் காத்துவந்த இந்த ஒழுங்கை வாட்ஸ்அப் ஃபார்வர்ட் பத்தே ஆண்டுகளில் கலைத்துப்போட்டது.

பொய் எப்படித் தயாராகிறது

பொய்ச் செய்தி என்றால் முழுக்க முழுக்கக் கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. உண்மையான சரக்கை எடுத்துப் பொய்யான விலாசம் ஒட்டுவதே அதன் முக்கியமான வேலை.

முதல் வகை, உண்மையான படத்தை வெட்டியும் இடம் மாற்றியும் காட்டுவது. 2018இல் இந்தியா முழுதும் சுற்றிய ஒரு வீடியோ இருந்தது. தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். பார்த்தவர்களுக்கு ரத்தம் கொதித்தது. அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலத்தில் இன்னும் சில விநாடிகள் உண்டு. அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டி எறிந்தார்கள். புதிதாக எதையும் சேர்க்கவில்லை, கடைசியை மட்டும் நீக்கினார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் அப்பாவிகள் சாகக் காரணமாகிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற ஊரில், பிச்சை கேட்டு வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த 5 பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வட்டாரத்தில் அப்போது சுற்றிய படங்களில், வரிசையாகக் கிடந்த குழந்தைகளின் உடல்கள் உண்டு. உறுப்புகளுக்காகக் கொல்லப்பட்ட பிள்ளைகள் என்றது செய்தி. அவை 2013இல் சிரியாவின் கூட்டா பகுதியில் நச்சுவாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் படங்கள்.

இரண்டாவது வகை, இரண்டு உண்மைகளை முடிச்சுப்போட்டு ஒரு பொய் செய்வது. தமிழ்நாட்டில் நாம் அனைவரும் கண்ணால் கண்டது அது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஊடகங்கள் முன்னிலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்புக்குக் காரணமான கொழுப்பு ஒரே நாளில் சேர்வதில்லை. அது படிய ஆண்டுகள் ஆகும். இதையெல்லாம் யார் கேட்டார்கள்? ஊசி போட்டது உண்மை, இறந்தது உண்மை. இரண்டுக்கும் நடுவே 'அதனால்' என்ற ஒரு சொல்லைச் செருகினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று அறிவித்தபோது அக்டோபர் மாதம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. ஊசிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்ட முதியவர்களை நம் ஒவ்வொரு ஊரிலும் கண்டோம். மக்களுக்கு நம்பிக்கை ஊட்டப் போன ஒரு கலைஞனின் மரணத்தையே அச்சத்துக்குச் சாட்சியாக்கியது அந்த வதந்தி. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது.

மூன்றாவது வகை, முகவரியையே திருடுவது. தமிழில் இதற்கு மிகவும் பிடித்த வடிவம் நியூஸ் கார்டு. ஒரு தொலைக்காட்சியின் சின்னம், அதன் வண்ணம், ஒரு தலைவரின் படம், அவர் சொல்லாத ஒரு வாசகம். தேர்தல் நேரத்தில் இப்படிப்பட்ட கார்டுகள் மழைபோலப் பொழியும். இதை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்பவர்கள் உண்டு. எழுத்துரு மாறியிருக்கிறது, ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது, தேதி இல்லை என்பார்கள். சில நேரம் அது உதவும். ஆனால் தேர்ந்த கை செய்த கார்டில் பிழை இருக்காது. எளிய வழி வேறு. அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அந்தத் தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பல சமயம், 'எங்கள் பெயரில் பரவும் இந்தக் கார்டு போலியானது' என்ற மறுப்பையே அங்கே காண்பீர்கள்.

நான்காவது வகை இப்போது வளர்ந்துவருகிறது. செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தையும் குரலையும் உண்டாக்குவது. 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றிப் பேசினார். அது வெளிப்படையாகச் செய்யப்பட்டது. வந்திருந்தவர்களுக்கு அது செயற்கை நுண்ணறிவின் வேலை என்று தெரியும். அதே வேலையைச் சொல்லாமல் செய்தால்? கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன் என்ற சாட்சியம் இனி போதாது. கண்ணும் காதும் கைவிடும் காலத்தில் யார் வெளியிட்டது, எங்கே வெளியிட்டது, அவர் பொறுப்பேற்கிறாரா என்ற கேள்விகள்தாம் நம் கையில் மிஞ்சும்.

அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும்

2018இல் நம் ஊரில் சுற்றிய வதந்தி, வட இந்தியர்களைக் கொடியவர்களாகக் காட்டியது. ஐந்தே ஆண்டுகளில் அந்த வதந்தி திரும்பி நின்றது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை இந்தி பேசியதற்காகவே அடித்துக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி. பீகார் அரசு உண்மை அறிய அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. இந்தி நாளேடு ஒன்றும் விசாரிக்காமல் அந்தச் செய்தியை வெளியிட்டது.

அந்த வீடியோக்களில் இரண்டைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் தெளிவாகச் சொன்னார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு பிரிவினர் தங்களுக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையே நடந்தது. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போகிறவர்களின் கூட்டம் ரயில் நிலையங்களில் நிரம்பியிருந்த படங்களும், உயிருக்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்ற தலைப்போடு சுற்றின. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8ஆம் தேதி. நாட்காட்டியைப் பார்த்தாலே பாதி உண்மை புலப்பட்டிருக்கும். திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்த பிள்ளையை அவன் அம்மா பீகாரிலிருந்து அழுதுகொண்டே அழைத்தாள்: 'உடனே புறப்பட்டு வந்துவிடு'. அப்படி எத்தனையோ அம்மாக்கள்.

அத்திமூரில் நம்மவர்கள் அஞ்சியதும், பீகாரில் அந்த அம்மா அஞ்சியதும் ஒரே அச்சம். என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சம். பொய்ச் செய்தி நம் முட்டாள்தனத்தைத் தேடி வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தேடி வருவது நம் பாசத்தை. அதனால்தான் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. பேராசிரியரின் குடும்பக் குழுவிலும் அது வரும், பெட்டிக்கடைக்காரரின் குடும்பக் குழுவிலும் வரும்.

இலங்கையிலும் 2018 பிப்ரவரி இறுதியில் இதே நிகழ்ந்தது. அம்பாறையில் ஓர் இஸ்லாமியரின் உணவகத்தில், குழம்பில் கிடந்த மாவுக் கட்டியைக் காட்டி, சிங்களரை மலடாக்கும் மாத்திரையைக் கலக்கிறார்கள் என்றார்கள். தமிழ் பேசும் அந்த மனிதருக்குச் சிங்களம் சரியாக வராது. கூட்டம் மிரட்டியதில் ஆம் என்று சொல்லவைத்து, அதை வீடியோவாக்கிப் பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுப்பொருள் என்று தெரிந்தது. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகிலேயே கிடையாது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகணையில் இன்னும் பெரிய வன்முறை வெடித்தது. அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. கடை இழந்தவர்களுக்கு அந்த வருத்தத்தால் என்ன பயன்?

ஏன் நம்புகிறோம், ஏன் பரவுகிறது

1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர், லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டொப்பினோ, மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சில கூற்றுகளைக் கொடுத்து எது உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை இது நடந்தது. திரும்பத் திரும்ப வந்த கூற்றுகளை மாணவர்கள் மேலும் மேலும் உண்மையென்று எண்ணத் தொடங்கினார்கள். கூற்று உண்மையா பொய்யா என்பது அதில் பொருட்டாகவே இல்லை. பழக்கமானது உண்மைபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஒரே செய்தி மூன்று குழுக்களில் வந்தால், மூன்று பேர் உறுதிசெய்ததாக நம் மனம் கணக்குப்போடுகிறது. மூவருக்கும் அனுப்பியவர் ஒருவராகவே இருக்கலாம் என்பது அப்போது தோன்றுவதில்லை.

2018இல் 'சயன்ஸ்' இதழில் எம்ஐடி ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்திகளின் பயணத்தைப் பின்தொடர்ந்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு, உண்மையைவிட 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரை எட்ட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் தேவைப்பட்டது. தானியங்கிக் கணக்குகள்தாம் காரணமோ என்று அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மனிதர்கள். பொய் புதுமையாக இருந்தது, வியப்பூட்டியது, அருவருப்பூட்டியது. அதனால் ஓடியது.

வாட்ஸ்அப்பில் இன்னொரு சிக்கல். அங்கே செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி குறியாக்கம் செய்யப்பட்டவை. நம் அந்தரங்கத்துக்கு அது தேவையான பாதுகாப்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே ஓடுவது பொய் என்றால், அதை நடுவில் நிறுத்த நிறுவனத்தாலும் முடியாது. 2018 ஜூலையில், கொலைகளுக்குப் பிறகு, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று இறுக்கினார்கள். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி தென்பட்டால், அது ஐந்து கைகளாவது மாறி வந்தது என்று பொருள். அந்தக் குறியைக் கண்டதும் விரல் தயங்க வேண்டும். அங்கே காவல்காரர் வேறு யாரும் இல்லை. நீங்கள்தான் கடைசிக் காவல்.

சரிபார்க்கும் கலை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 2017இல் செய்த ஓர் ஆய்வை ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், உண்மை சரிபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவம் பற்றிய இரண்டு இணையதளங்களைக் காட்டி எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, 60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட மருத்துவர் சங்கம். மற்றொன்று அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்துபோன ஒரு சிறு குழு. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்று. இரண்டின் தளமும் பார்க்க மிடுக்காக இருந்தது.

மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறு குழுவின் தளமே நம்பகமானது என்றார்கள். வரலாற்று அறிஞர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் ஒருவர்கூடப் பிசகவில்லை. அவர்கள் செய்தது என்ன? மற்றவர்கள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கருத்தூன்றிப் படித்தார்கள். இவர்கள் சில விநாடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு பக்கங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அந்நியர் ஒருவர் சொல்லும் தற்பெருமையைக் கேட்டு அவரை எடைபோடாமல், அவர் ஊரில் விசாரித்ததுபோல. பாடநூலை ஆழ்ந்து படிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறோம், அது தேவை. இணையத்தில் அதற்கு முன், பக்கத்தை விட்டு வெளியே போய் விசாரிக்கவும் கற்றுத்தர வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். படமோ வீடியோவோ வந்தால், கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். வீடியோ என்றால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். அந்தப் படம் இதற்கு முன் எப்போது, எந்த ஊரில், எந்தத் தலைப்பில் வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தேடக்கூட வேண்டாம், கடைப் பலகையில் எந்த மொழி இருக்கிறது, வண்டியின் எண் பலகையில் எந்த மாநில எழுத்து இருக்கிறது, பேருந்தின் நிறம் என்ன என்று பாருங்கள். நேற்று நம் ஊரில் நடந்ததாகச் சொல்லும் வீடியோவில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தால் உங்களுக்கே விடை கிடைக்கும்.

எழுத்தில் வந்த செய்தி என்றால், அதைச் சொல்ல உரிமை பெற்றவர் யார் என்று யோசியுங்கள். நாளை பள்ளி விடுமுறை என்றால் அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். புயல் என்றால் வானிலை ஆய்வு மையம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, நாசா எச்சரித்திருக்கிறது, சென்னை மூழ்கப்போகிறது என்று ஒரு செய்தி பரவி மக்களைக் கலங்கடித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று இன்னொன்று. முதலைப் பண்ணையே மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. சென்னை மழையைப் பற்றி அறிவிக்க நுங்கம்பாக்கத்தில் ஓர் அலுவலகம் இருக்கும்போது, நாசாவின் பெயர் எதற்கு என்று ஒரு கணம் கேட்டிருந்தால் போதும். மருந்து, மருத்துவம் பற்றிய செய்தி என்றால், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்பது எந்த யூடியூப் காணொளியையும்விட மேல்.

தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்க்கும் தளங்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்த செய்தியின் முக்கியமான இரண்டு மூன்று சொற்களைத் தமிழில் தட்டித் தேடினால், அவர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து எழுதியிருப்பதைக் காணலாம். அவர்கள் எழுதுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. நல்ல சரிபார்ப்பாளர், தான் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் படிப்படியாகக் காட்டுவார். அந்தப் படிகளில் நீங்களும் ஏறிப் பார்க்கலாம்.

எந்த ஊடகத்தை நம்புவது

கூட்டங்களில் மாணவர்கள் கேட்பார்கள்: 'ஐயா, எந்தப் பத்திரிகையை நம்பலாம்? ஒரு பெயர் சொல்லுங்கள்.' பெயர் சொல்ல மாட்டேன். சோதனைகளைச் சொல்கிறேன்.

செய்தியாளர் சம்பவ இடத்துக்குப் போனாரா? ஊர்ப் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கின்றனவா? 'கூறப்படுகிறது', 'தகவல் வெளியாகியுள்ளது' என்று எழுதினால், கூறியவர் யார், வெளியிட்டவர் யார்? குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்டு வெளியிட்டார்களா? தலைப்பு சொல்வதை உள்ளே இருக்கும் செய்தியும் சொல்கிறதா? செய்தி எது, கருத்து எது, விளம்பரம் எது என்று பிரித்துக் காட்டுகிறார்களா? உரிமையாளர் யார், அவருக்கு வேறு என்ன தொழில், எந்தக் கட்சி?

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை, தவறு செய்தால் திருத்தம் போடுகிறார்களா என்பது. தவறே செய்யாத ஊடகம் உலகில் இல்லை. 2006இல் 'தி இந்து' நாளிதழ் வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பை ஏற்படுத்தி, வாசகர் சுட்டும் பிழைகளை விசாரித்துத் திருத்தம் வெளியிட ஓர் இடம் ஒதுக்கியது. திருத்தம் வெளியிடும் பத்திரிகையைப் பார்த்து, 'இவர்கள் தப்பு தப்பாக எழுதுகிறார்கள்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்ப வேண்டியது அவர்களைத்தான். தன் பிழையைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு அடுத்த பரபரப்புக்குத் தாவுகிறவரைக் கண்டு எச்சரிக்கையாக இருங்கள்.

அரசு சொன்னால் சரியாக இருக்குமா? அரசும் தவறும். 2004 சுனாமிக்கு நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 30ஆம் தேதி, மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. நாகப்பட்டினம் முதலான கடலோர ஊர்களில், உறவுகளைப் புதைத்த கண்ணீர் காயாதவர்கள் மறுபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நிவாரணப் பணி நின்றது. அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அன்றே அறிவியல் துறை அமைச்சர் மறுத்தார். ஆகவே அதிகாரப்பூர்வம் என்பது தவறாமைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் அங்கே ஒரு முகவரி இருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரிந்தது, ஏன் சொன்னீர்கள் என்று கேட்க முடிந்தது, திரும்பப் பெறவைக்க முடிந்தது. வாட்ஸ்அப் வதந்தியை யாரிடம் போய்த் திரும்பப் பெறச் சொல்வீர்கள்?

எது பொய்ச் செய்தி என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அரசிடமே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று ஒன்றிய அரசே முடிவுசெய்ய வழிவகுத்த விதியை, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. அரசு மறுப்புச் சொல்லட்டும், ஆதாரம் காட்டட்டும். தமிழ்நாடு அரசும் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை வைத்திருக்கிறது. அது தரும் ஆதாரத்தையும் மற்ற ஆதாரங்களைப் போலவே எடைபோடுவோம். எடைபோடும் உரிமை குடிமக்களிடம் இருக்க வேண்டும்.

எதையும் நம்பாதவர்களுக்கு

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'எல்லாமே பொய், எவனையும் நம்ப முடியாது' என்ற முடிவோடு யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அது அறிவாளித்தனம்போலத் தோன்றும். பொய்யைப் பரப்புகிறவர்களுக்கு அதைவிட உதவி வேறில்லை. எதையும் நம்பாதவனிடம் உண்மையான புயல் எச்சரிக்கையும் எடுபடாது. உண்மையான ஊழல் ஆதாரத்தைக் காட்டினாலும் 'எல்லாம் செட்டப்' என்று நகர்ந்துவிடுவான். வெயிலில் அலைந்து, ஆவணம் தேடி, மிரட்டலுக்கு அஞ்சாமல் எழுதும் செய்தியாளர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பையும் ஃபார்வர்டையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. சந்தா கட்டிப் படியுங்கள். ஒரு செய்தி நன்றாக இருந்தால் எழுதியவருக்கு நாலு வரி எழுதுங்கள். நல்ல ஊடகம் வாசகரின் ஆதரவில்தான் பிழைக்க முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் தவறான செய்தியைப் போட்டால், எல்லோர் முன்னாலும் மடக்கி அவமானப்படுத்தாதீர்கள். அவர் அக்கறையால்தான் அனுப்பியிருப்பார். தனியாக அழையுங்கள். 'மாமா, அந்த வீடியோவ நானும் பாத்தேன். கடை போர்டெல்லாம் இந்தியில இருக்கு பாருங்க, இது நம்ம ஊரு இல்ல. நீங்களே குரூப்ல ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் பயம் தெளிஞ்சிரும்' என்று சொல்லிப் பாருங்கள். திருத்தம் அவர் வாயாலேயே வரும்போது அவர் மரியாதையும் குறையாது, அடுத்த முறை அனுப்பும் முன் உங்களை அழைத்தும் கேட்பார். குழு நிர்வாகிகளாக இருப்பவர்கள், யார் எங்கே சொன்னது என்ற விவரமில்லாத எச்சரிக்கைகளை இங்கே போட வேண்டாம் என்று ஒரே ஒரு விதி வையுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு வகுப்பில், பிள்ளைகள் வீட்டில் கண்ட ஒரு ஃபார்வர்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் முகவரியை வகுப்பே சேர்ந்து தேடட்டும். யார் முதலில் சொன்னது, எப்போது, எங்கே, வேறு யார் உறுதிசெய்தார்கள் என்று கரும்பலகையில் எழுதட்டும். சில வாரங்களில் அந்தப் பிள்ளைகள் வீட்டில் அப்பாவிடம் அதே கேள்விகளைக் கேட்பார்கள். இந்த நூலகமும் அதற்கு ஒரு மேசையை ஒதுக்கலாம். பத்திரிகை படிக்க வரும் பெரியவரும் கைப்பேசியோடு வரும் இளைஞரும் அங்கே ஒன்றாக உட்காரட்டும். ஒருவருக்கு ஊர் தெரியும், மற்றவருக்குக் கருவி தெரியும்.

நண்பர்களே, ஃபார்வர்ட் என்ற பொத்தானை அழுத்தும் கணத்தில் நாம் ஒவ்வொருவரும் ஒரு பத்திரிகை ஆசிரியராகிறோம். ஆசிரியருக்கு உரிய அதிகாரம் நம் கைக்கு வந்துவிட்டது. அதற்கு உரிய பொறுப்பை நாமாகத்தான் ஏற்க வேண்டும். 'வந்ததை அனுப்பினேன்' என்ற பதில் எந்த ஆசிரியருக்கும் அழகில்லை. எனவே இந்த அவையின் முன் ஒரு வழக்கத்தை முன்மொழிகிறேன். இனி நீங்கள் எதை அனுப்பினாலும், அதை முதலில் சொன்னவர் யார் என்பதை ஒரு வரியில் சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லையா, அனுப்பாதீர்கள். அனுப்பாமல் விட்ட செய்தியால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. அனுப்பியிருந்தால் எங்கோ ஓர் ஊரில், நாம் பெயரே அறியாத ஒருவர் அதற்கு விலை கொடுத்திருக்கக்கூடும். அந்த அந்நியருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.